உடலுக்கு நாம் பட்ட கடன்

நம் வணிகச் சகோதரர் ஒருவரிடம் சென்று, "கடையில் இருக்கும் சரக்கு யாருடையது?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே விடை கூறமாட்டார். சற்று யோசிப்பார். ஒரு பகுதி மொத்த வியாபாரியிடம் தவணையில் எடுத்தது. ஒரு பகுதி பங்காளியின் முதல். இன்னொரு பகுதி வங்கிக் கடன். இவையெல்லாம் போக எஞ்சியதே தம்முடையது என்பார். வியாபாரம் தெரிந்தவர் அப்படித்தான் பேசுவார். அதே சகோதரரிடம், "உங்கள் உடல் யாருடையது?" என்று கேளுங்கள். கண நேரமும் தயங்காமல், "இதென்ன கேள்வி, என்னுடையதுதான்" என்று விடை வரும். கூடவே, "அதை நான் பேணினால் என்ன, பேணாவிட்டால் என்ன, பிறருக்கு அதனால் வந்த நஷ்டம் யாது?" என்ற வார்த்தையும் வரலாம்.

சரக்கைப் பற்றிய விடையில் இருந்த நிதானம் உடலைப் பற்றிய விடையில் இல்லை. இக்கட்டுரை அதைப் பற்றியதே. உடற்பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாமும் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அது நல்லதா என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. அது கடமையா, அல்லது வசதியுள்ளவர் செய்துகொள்ளும் ஓர் உல்லாசமா என்பதே தீராத கேள்வி. உல்லாசம் என்று கருதுகிறவரையில் கடையை அடைத்தபின் பார்க்கலாம் என்றுதான் தோன்றும். கடையோ இரவு பத்து மணிக்கு அடைக்கிறது.

ஐம்பது வயதுக் கடைக்காரர் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நம் சமூகத்தில் இது அரிய காட்சியன்று. அதன் செலவை யார் கட்டுகிறார்கள்? மருத்துவமனைக் கட்டணத்தை மட்டும் கேட்கவில்லை. கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்லாவில் வந்து உட்காருகிற மூத்த மகன் ஒரு பங்கு கட்டுகிறான். தகப்பனாரைத் தூக்கி உட்கார வைத்து, கஞ்சி ஊட்டி, துணி மாற்றுகிற மனைவியும் மகளும் பெரும்பங்கைக் கட்டுகிறார்கள். மாதா மாதம் ஊருக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோக, அங்கே வயோதிகத் தாயார் ஒரு பங்கு கட்டுகிறார். அடுத்த மாதம் கடை திறக்குமா என்று தெரியாத சிப்பந்திகளும், சரக்கைக் கடனாகத் தந்தவரும் தத்தம் பங்கைக் கட்டுகிறார்கள். "என் உடல், என் இஷ்டம்" என்று சொன்னவருடைய உடலில் இத்தனை பேருக்குப் பாத்தியதை இருந்திருக்கிறது. நஷ்டக் கணக்கு வந்தபோதுதான் பங்காளிகளின் பெயர்கள் வெளியே தெரிந்தன.

உடல் அமானிதம் என்று உலமாப் பெருமக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் வரலாறும் பலர் அறிந்ததே. அந்த ஸஹாபி பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கி வந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர்மீது உரிமை உண்டு என்பதை உணர்த்தி, நோன்பையும் நின்று வணங்குவதையும் குறைத்துக்கொள்ளச் செய்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உடலின் உரிமையை மறுக்க வணக்கத்தைக்கூடக் காரணமாகக் காட்ட இடமில்லாமல் போயிற்று. அப்படியானால் அரிசி மூட்டையையும் ஜவுளிக் கட்டையும் காரணமாகக் காட்டி நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா?

எனினும் எதிர்த் தரப்பையும் நியாயமாகக் கேட்க வேண்டும். "நான் எனக்காகவா உழைக்கிறேன்? காலை ஏழு மணி முதல் நின்று, நேரத்துக்குச் சாப்பிடாமல், குடும்பத்துக்காகத்தானே தேய்கிறேன்? இதில் ஒரு மணி நேரத்தைத் திருடி நான் ஏரிக்கரையில் உலாவினால் அதுவன்றோ சுயநலம்?" என்பது அத்தரப்பு. இதைச் சிரித்து ஒதுக்கிவிடக் கூடாது. கடையிலேயே பாய் விரித்துப் படுத்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலேறி ஊர் சென்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வந்த தலைமுறையின் சொல் அது. அந்தத் தேய்மானத்தில்தான் நாம் வளர்ந்தோம். ஆனால் தியாகம் என்பது தனக்குச் சொந்தமானதைக் கொடுப்பது. பங்காளியின் முதலை எடுத்துத் தர்மம் செய்கிறவரை நாம் கொடையாளி என்று சொல்வதில்லை. தேய்ந்துபோகும் உடலில் மேலே சொன்ன அத்தனை பேருக்கும் பங்கிருக்க, அதைக் கேட்பாரற்ற பொருள்போல் செலவழிப்பதும் அத்தகையதே.

மேலும் அந்தப் பெரியவர்கள் நடந்தார்கள். இதை நாம் மறந்துவிடுகிறோம். பினாங்கில் இன்று ஊரறிந்த நாசி கண்டார் எப்படி வந்தது? தோளில் ஒரு தண்டு. அதன் ஒரு முனையில் சோறு, மறு முனையில் குழம்பு. அதைச் சுமந்தபடி நம்மவர்கள் துறைமுகத் தொழிலாளர்களைத் தேடித் தெருத் தெருவாகச் சென்று விற்றார்கள். அந்தத் தண்டுதான் 'கண்டார்' என்று பெயரில் நிற்கிறது. துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சென்றவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேகப் பயிற்சியைப் பற்றி எவரும் உபதேசிக்கவில்லை. வியாபாரமே அதைச் செய்துவிட்டது. பேரனுக்கு அதே வியாபாரம், அதே பெயர். ஆனால் தண்டு கடைச் சுவரில் அலங்காரமாகத் தொங்க, அவர் குளிர்சாதனத்தின் கீழ் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். பாட்டனார் சுமந்த அதே சோற்றையும் குழம்பையும், பாட்டனார் சாப்பிட்டதைவிடக் கூடுதலாகவே, சாப்பிடுகிறார். நடை மட்டும் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது.

"நாங்கள் உட்காருவதில்லை, நாள் முழுதும் நிற்கிறோமே, அது பயிற்சியாகாதா?" என்று மளிகைக்கடைச் சகோதரர்கள் கேட்பார்கள். நிற்பது வேறு, நடமாடுவது வேறு. லண்டன் மாநகரில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்விஷயத்தில் பேர்பெற்றது. இரட்டை மாடி பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர் நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். ஒரே பஸ், ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே வர்க்கத்து மனிதர்கள். எனினும் மாரடைப்பு ஓட்டுநர்களுக்கு அதிகமாகவும் கண்டக்டர்களுக்குக் குறைவாகவும் வந்தது. வீடு வீடாகத் தபால் கொடுத்தவர்களையும் தபால் இலாகாவில் உட்கார்ந்து வேலை செய்தவர்களையும் ஒப்பிட்டபோதும் அதே விதமாகவே இருந்தது. ஓட்டுநர் வேலைக்கு ஆரம்பத்திலேயே பருத்த உடலினர் வந்து சேர்ந்திருக்கலாமே என்ற ஐயத்தை மோரிஸே எழுப்பி, அவர்களுக்குத் தைத்த சீருடைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆயினும் பிற்காலத்தில் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள், உடல் அசைவு இருதயத்தைக் காக்கிறது என்ற அடிப்படையை உறுதிசெய்தன. மோரிஸ் 2009ஆம் ஆண்டில் தமது 99ஆம் வயதில் காலமானார். அதைக் கொண்டு, நடப்பவரெல்லாம் 99 வயது இருப்பர் என்று யாரும் கணக்கெழுதிவிட வேண்டாம்.

ஒரே இடத்தில் நின்றால் இரத்தம் கீழிறங்கிக் கால்களில் தேங்குகிறது; நரம்புகள் புடைத்துச் சுருள்கின்றன. நடக்கும்போதோ கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடியிலும் இறுகி, அந்த இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சர்க்கரையின் விஷயமும் இப்படியே. வேலை செய்கிற தசை, இன்சுலினின் உதவியைப் பெரிதும் எதிர்பாராமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. பகல் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் நடப்பவருக்குச் சர்க்கரை ஏற்றம் தணிவது இதனால்தான். மலேசியாவில் 2023ஆம் ஆண்டு எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் 15.6 சதவிகிதத்தினருக்கு நீரிழிவு உள்ளது. ஆறு பேரில் ஒருவர் என்று கொள்ளலாம். சிங்கப்பூர் அரசாங்கம் 2016ஆம் ஆண்டிலேயே நீரிழிவின்மீது போர் என்று அறிவித்தது. நம் கடைத்தெருவில் சர்க்கரை மாத்திரை போடாத முதலாளிகளை எண்ணிப் பார்க்க இரண்டு கைகள் போதும் என்பதற்குக் கணக்கெடுப்பு வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். உடலைப் பேணுவது கடமை என்றால், நோயுற்றவரெல்லாம் கடமை தவறியவரா? அன்று. ஒருநாளும் அப்படிச் சொல்லலாகாது. நாள்தோறும் நடந்த மெலிந்த மனிதர் நாற்பது வயதில் மௌத்தாவதுண்டு. அசையாத பருத்த மனிதர் எண்பதைத் தாண்டுவதுண்டு. பரம்பரை, வறுமை, விபத்து, இறைவனின் நாட்டம் என எத்தனையோ உண்டு. நேர்மையாக நிறுத்துக் கொடுத்த கடையும் நொடித்துப்போகலாம். அதனால் நிறுத்துக் கொடுத்தது வீணென்றோ, நொடித்தவன் திருடனென்றோ ஆகாது. நம்மீதுள்ள கடமை செயலைப் பற்றியது. பலன் நம் கையில் இல்லை. நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில், "அப்போதே நடந்திருந்தால் இப்படி ஆகுமா?" என்று பிரசங்கம் செய்கிறவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவது உத்தமம்.

மறுபுறத்திலும் ஒரு தவறு இருக்கிறது. உடலுக்குரிய கடனைக் கொடுப்பது வேறு. உடலுக்கே அடிமையாவது வேறு. கண்ணாடி முன் நின்று புஜத்தை அளந்துகொண்டும், நூற்றுக்கணக்கான வெள்ளியைக் கட்டி உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து பத்தாம் நாள் மறந்துவிட்டும், நடந்த அடிகளை ஊருக்கெல்லாம் கைப்பேசியில் அனுப்பிக்கொண்டும் இருப்பவர்களைப் பார்க்கிறோம். அடிகள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965ஆம் ஆண்டில் ஜப்பானியக் கம்பெனி ஒன்று அடிகளை எண்ணும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்குப் 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. டாக்டர்களுக்கு முன்பே வியாபாரி சொன்ன எண் அது! சரக்குக்குப் பெயர் வைக்கும் சூட்சுமம் அறிந்த நாம் இதைக் கேட்டுப் புன்னகை செய்யலாம். எண் தவறென்றில்லை; ஆனால் அதைவிடக் குறைந்த அடிகளிலேயே நற்பலன் தொடங்கிவிடுகிறது. பத்தாயிரம் முடியாதென்று ஆயிரத்தையும் விட்டுவிடுகிறவருக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, வயது வந்தவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்புள்ள பயிற்சி செய்யவும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்யவும் சொல்கிறது. மிதமானது என்றால் யாது? நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. நாளொன்றுக்கு இருபத்திரண்டு நிமிடம் நடந்தால் வாரத்தில் 150 நிமிடத்தைத் தாண்டிவிடும். அதையும் ஒரே தடவையில் நடக்க வேண்டியதில்லை. பத்துப் பத்து நிமிடமாகவும் நடக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஒரே விதி போதும்: ஆறு மாதம் கழித்தும் செய்யக்கூடியது எதுவோ அதுவே தக்கது. பெரும் முதலைப் போட்டு மூன்று மாதத்தில் மூடுகிற கடையைவிட, சிறு முதலில் நாள் தவறாமல் திறக்கிற ஒட்டுக்கடை மேல் என்பது நாம் அறியாததல்ல. பெரும்பாலோருக்கு நடையே போதும். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு நீச்சலும் சைக்கிளும் நலம். நீரில் உடற்பாரம் மூட்டின்மேல் விழாது. வாரமெல்லாம் கல்லாவில் இருந்துவிட்டு, ஞாயிறன்று மகனுக்குச் சமமாகப் பூப்பந்து மட்டையை எடுத்துக் குதிக்கிற ஐம்பது வயதுச் சகோதரர்களைக் கண்டால்தான் அச்சமாக இருக்கிறது. குதிகால் நரம்பு அறுவதும், சில வேளை அதைவிடப் பெரியது நிகழ்வதும் அங்கேதான். முதலில் இரண்டு மாதம் நடக்கட்டும். பின்னர் மட்டையைத் தொடட்டும். மார்பில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் எதைத் தொடங்குமுன்னும் டாக்டரைக் காண வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை வெகுவாகத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்களும் நடக்கும்போது சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்திருப்பது நல்லது. வீடு திரும்பியதும் பாதங்களில் புண் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலுவூட்டும் பயிற்சிக்கு இரும்புக் குண்டுகள் வேண்டும் என்பதில்லை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்துத் தடவை செய்யுங்கள். சுவரில் கைகளை ஊன்றி உடலைத் தள்ளுங்கள். கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள். வாடிக்கையாளருக்குத் தெரியவும் தெரியாது. வயது ஏற ஏறத் தசை தானாகவே கரைகிறது. வயோதிகத்தில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு அதுவும் ஒரு காரணம். சிலம்பம் சுற்றத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வாலிபர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தால் கண், கால், தோள் மூன்றுக்கும் வேலை. பெண்களைக் குறித்தும் ஒரு வார்த்தை. "வீட்டு வேலையே அவர்களுக்குப் பயிற்சி" என்று ஆண்கள் சொல்வது, "கடையில் நிற்பதே பயிற்சி" என்று நாம் நமக்குச் சொல்லிக்கொண்டதன் மறுபதிப்பே. மாலையில் அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் நடந்துவர வழி செய்வதற்கு நமக்கு எந்தப் பாடத்திட்டமும் தேவையில்லை.

ஐவேளைத் தொழுகையே போதிய பயிற்சி என்று சிலர் வாதிக்கிறார்கள். தொழுகை வணக்கம். அதன் நிலைகள் மூட்டுகளைத் தளர்த்துகின்றன என்பது மெய்யே. ஆயினும் அதைப் பயிற்சிக் கணக்கில் எழுதி, நடையைத் தள்ளுபடி செய்வது தொழுகைக்கும் மரியாதையன்று, உடலுக்கும் போதாது. ஆனால் பள்ளிவாசலுக்கு நடந்து போவது நிச்சயம் கணக்கில் சேரும். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து கடற்கரைத் திடலுக்கும், கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து மெர்டேக்கா சதுக்கத்துக்கும், சிங்கையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலிலிருந்து ஆற்றங்கரைக்கும் நடக்கிற தூரந்தான். சுபுஹுக்குப் பின் வெயில் ஏறுமுன் ஒரு சுற்றுப் போய்வர இவ்வூர்களில் தடை ஏதுமில்லை. புகைமூட்டக் காலத்தில் மட்டும் வீட்டுக்குள் செய்யும் பயிற்சியோடு நிறுத்திக்கொள்வது நலம். நோன்பு மாதத்தில் பகல் நேரத்துக் கடும் பயிற்சி வேண்டாம்; நோன்பு திறப்பதற்குச் சற்றுமுன் மெதுவாக நடக்கலாம், அல்லது தராவீஹ் முடிந்து வீட்டுக்கு நடந்தே போகலாம்.

இனி, பலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுபுஹுத் தொழுதுவிட்டு முதலாளி ஏரிக்கரையில் கைவீசி நடக்கிறார். நல்லது. அந்நேரத்தில் கடைக் கதவைத் திறப்பவன் யார்? முந்திய இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவிக் கடையடைத்த அதே தம்பி. அஞ்சடியைக் கூட்டி, மூட்டையை இறக்கி, பசியாறக்கூட நேரமின்றி நிற்கிறான். உடலுக்கு உரிமை உண்டு என்பதை நாம் ஒப்புக்கொண்டோம். அந்த உரிமை முதலாளியின் உடலுக்கு மட்டுந்தானா? நம் கடனை அடைக்க இன்னொருவனின் உடலிலிருந்து கைமாற்று வாங்கினால் கடன் தீர்ந்ததாகுமா? கணக்குப் புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு.

மலேசியாவில் 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் சட்டப்படியான வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்துள்ளது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி ஓய்வு கொடுத்தாக வேண்டும். சிங்கப்பூரில் வேலைச் சட்டம் வாரத்துக்கு 44 மணி நேரம் என்கிறது. வாரத்தில் ஒருநாள் ஓய்வும் உண்டு. மேற்கொண்டு வேலை வாங்கினால் மிகைநேரச் சம்பளம் தர வேண்டும். ஊரிலிருந்து வந்த தம்பிகள் இதைக் கேட்கமாட்டார்கள். உறவுக்காரன், சொந்த ஊர்க்காரன், விமானச் சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் என்ற கூச்சத்தில் கேட்கமாட்டார்கள். கேட்காத கடன் கடனில்லையென்று ஆகிவிடாது. "நாங்கள் பதினாறு மணி நேரம் நின்றுதான் முன்னுக்கு வந்தோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள், வந்தார்கள்தாம். அவர்களில் எத்தனை பேர் அறுபது வயதில் தம் காலால் பள்ளிவாசல் படியேறினார்கள் என்பதையும் உடன் சொன்னால் கணக்கு முழுமையாகும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. நிற்கிற வேலையில் இருப்பவனுக்கு இடையிடையே உட்கார ஒரு முக்காலி. உட்காருகிற வேலையில், நாணயமாற்றுக் கூண்டில் இருப்பவனைப் போன்றவனுக்கு, மணிக்கொருமுறை எழுந்து நடக்க அனுமதி. அஸருக்குப் பின் ஐந்து மணி வாக்கில் வியாபாரம் மந்தமாக இருக்கும் கடைகளில், முறைவைத்து ஆளுக்கு அரை மணி நேரம் வெளியே விடலாம். பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டால் தம்பிகள் திடலில் பந்து விளையாடவும் ஆள் சேரும். "விட்டால் விளையாடவா போகிறார்கள்? ஒரு மூலையில் உட்கார்ந்து கைப்பேசியைத்தான் பார்ப்பார்கள்" என்று முதலாளிமார் சொல்லக்கூடும். பார்க்கட்டுமே. சம்பளத்தைக் கையில் கொடுக்கும்போது எதற்குச் செலவழிப்பாய் என்று கேட்டுக்கொண்டா கொடுக்கிறோம்? அந்த அரை மணி நேரம் கல்லாவில் உட்கார ஆள் வேண்டுமே என்றால், அவ்வேலை முதலாளிக்குத் தெரியாததல்ல. காலையில் நடந்துவிட்டு வந்தவர்தாமே.